செவுரு போட்ட எக்கோ

பள்ளிப் பிள்ளைகளின் பேண்ட் போட்டிக்குப் போனால் நான் பாடுகிற பையனைப் பார்ப்பதில்லை. டிரம்ஸ்காரனின் கண்ணைத்தான் பார்ப்பேன். பாட்டு தொடங்குமுன் குச்சிகளைத் தூக்கி ஒன்றோடொன்று நான்கு தட்டு தட்டுவான். அப்போது அவன் கண் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கூட்டத்தைப் பார்த்துத் தட்டினால் பாட்டு தறிகெட்டு ஓடப்போகிறது. குனிந்து கால் பெடலையே பார்த்துத் தட்டினால் பிள்ளை பயந்திருக்கிறான். பேஸ் கிட்டார்காரனைப் பார்த்துத் தட்டினால் எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்தக் குழுவை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கலாம்.

நான்கு தட்டுக்கு இரண்டு நொடி ஆகும். பாட்டின் தலையெழுத்து அதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது. கர்நாடக சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்பார்கள். எடுத்த வேகத்தைக் கடைசிவரை கூடாமல் குறையாமல் காப்பது. பெரிய வித்வான்களையே அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். பதினாறு வயதுப் பையனிடம் அதை எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த வயதில் அது எப்போதாவது தானாக வந்து உட்காரும். அதைக் கேட்பதற்காகவே நான் இத்தனை வருடமாகப் பள்ளி ஆண்டுவிழா, சர்ச் மைதானம், கல்லூரி கல்ச்சுரல்ஸ் என்று அலைந்துகொண்டிருக்கிறேன்.

என் காது இப்படித் திரும்பியது 1998 டிசம்பரில், பெரம்பூரில், ஒரு மைதானத்தில் நடந்த பேண்ட் போட்டி மேடையில். அன்று கேட்க வந்தவர்களில் ஒருவனாக இல்லை, வாசித்த நால்வரில் ஒருவனாக இருந்தேன்.

பெரம்பூர் ரயில்வே ஊர். பணிமனைகளும் ரயில்வே குடியிருப்புகளும் சேர்ந்து வளர்ந்த இடம். 1955இல் ஐ.சி.எஃப். வந்தபிறகு இன்னும் பெருகியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி என்பதால் சாயங்காலத்தில் ஒரு வீட்டிலிருந்து சஷ்டி கவசமும் அடுத்த வீட்டிலிருந்து கிட்டாரும் கேட்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசை என்பது தனியாகப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய அந்நியச் சரக்கு இல்லை. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை மாதிரி ஜன்னல் வழியாக வந்த ஒன்று.

குழுவில் நான்கு பேர். எல்லோரும் பிளஸ் ஒன். நான் ரிதம் கிட்டார். லீட் வாசித்தவனே பாடவும் செய்தான். டிரம்ஸ் வாசித்தவனிடம் டிரம்ஸ் கிடையாது. சர்ச்சில் இருந்த செட்டை ஞாயிறு பூசை முடிந்து அரை மணி நேரம் வாசிக்க விடுவார்கள். மற்ற ஆறு நாளும் அவன் வீட்டுத் தொலைபேசி டைரக்டரிதான் ஸ்நேர் டிரம். சென்னை டைரக்டரி அப்போது தலையணை கனம் இருக்கும். அதில் குச்சி விழுந்தால் சத்தம் வராது, ஆனால் குச்சி துள்ளித் திரும்பாது. ஒவ்வோர் அடியையும் மணிக்கட்டுதான் தூக்கியாக வேண்டும். அதனால் அவன் மணிக்கட்டு இரும்பாகிவிட்டது. உண்மையான டிரம்ஸில் உட்கார்ந்தால் அடி மிருதுவாகவும் கனமாகவும் விழும். பிற்காலத்தில் நல்ல பயிற்சிப் பலகை வைத்துப் பழகிய பல பிள்ளைகளிடம் அந்த அடியை நான் கேட்டதில்லை.

பேஸ் வாசிக்க யாருக்கும் ஆசை இருக்காது. எந்த ஊரில் எந்தப் பையன்கள் குழு சேர்ந்தாலும் இதுதான் நிலைமை. பால் மெக்கார்ட்னியே ஹாம்பர்க்கில் 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகிய பிறகு, வேறு ஆளில்லாமல்தான் பேஸுக்கு மாறினார். எங்களில் அது சீட்டுக் குலுக்கி முடிவானது. சீட்டு விழுந்தவன் பேசாத பையன். சர்ச் பாடகர் குழுவில் இருந்த ஓர் அண்ணனிடம் பழைய பேஸ் கிட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். நான்கே தந்தி. அடித் தந்தியின் ஒலி நொடிக்கு 41 அதிர்வு. சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. வீட்டு டேப் ரெக்கார்டரில் வரும் இசையை வைத்துப் பேஸ் கற்றுக்கொள்வது, ஆற்றின் மேல்மட்டத்தைப் பார்த்து அடியில் உள்ள கல்லை ஊகிப்பது போல.

ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு, பாடுகிறவரோடு வாதாடி, சமாதானமாகி, கூடவே நடந்துபோகும். சசிதரன் வாசித்த அந்த பேஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும், அது பேஸ் என்று பெயர் தெரியாமலே கேட்டிருக்கிறோம். கிட்டார் கையில் எடுத்த ஒவ்வொரு பையனும் ஒரு நாளாவது ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து ‘இளைய நிலா’வை வாசித்துப் பார்த்து விரல் நொந்திருப்பான். 1982இல் அதை வாசித்தவர் சந்திரசேகர். ராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் அவருடைய சகோதரர். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் கேட்டு வளர்ந்த காதுகள். அந்தக் காலத்துப் பாடல்களில் கிட்டாரும் தாளமும் அப்படி ஒட்டிக்கிடப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வரும்.

எங்கள் பேஸ்காரன் முதல் வாரம் பயிற்சிக்கு வந்தபோது அவன் வாசித்ததெல்லாம் அரை ஸ்வரம் தள்ளி இருந்தது. அவன்மேல் தப்பில்லை. கேசட்டை எல்லோரும் அவரவர் வீட்டில் ஓடவிட்டுத்தான் பாட்டைப் பிடித்தோம். ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும்; பேட்டரி இறங்கினால் பாட்டே இறங்கிவிடும். அவன் வீட்டு டேப்பின் சுருதிக்கு அவன் தந்தியை முறுக்கியிருந்தான், என் வீட்டு டேப்பின் சுருதிக்கு நான். சேர்ந்து வாசித்தபோது காது கூசியது.

அன்றைக்குத்தான் எங்களுக்குச் சுருதி சேர்க்கத் தெரிய வந்தது. கிட்டாரின் ஆறாம் தந்தியை ஐந்தாம் கட்டத்தின் மேல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். ஐந்தாம் தந்தியை ஏழாம் கட்டத்தின் மேல் தொட்டு மீட்டினாலும் அதே ஒலி வர வேண்டும். இரண்டும் சரியாகச் சேராவிட்டால் ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். முறுக்காணியைத் திருகத் திருகத் துடிப்பு மெதுவாகும்; அலை நீளும்; ஓர் இடத்தில் நின்றுபோகும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர்களுக்கு இது தினப்படிச் சமாச்சாரம். எங்களுக்கு அது கண்திறப்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நான்கு பேரும் மூச்சுவிடாமல் குனிந்து, அந்தத் துடிப்பு நிற்கிற கணத்துக்காகக் காத்திருந்தது நினைவிருக்கிறது. அதுவரை நாங்கள் வாசிக்கத்தான் பழகியிருந்தோம்.

போட்டியின் விதி எளிது. இரண்டு பாட்டு. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று சொந்தப் பாட்டு. மேடை ஏறி, தந்தி மாட்டி, வாசித்து, இறங்குவது எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். அந்நாளில் கல்லூரி விழாக்களில் ‘லைட் மியூசிக்’ என்றால் சினிமாப் பாட்டு, ‘வெஸ்டர்ன்’ என்றால் ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் வேலி இருந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் வைத்துக்கொண்டு தமிழில் சொந்தமாகப் பாடுகிறவனுக்கு எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் பறையையும் கானாவையும் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது எனக்கு அந்த வேலி ஞாபகம் வந்தது. எங்கள் போட்டியின் விதித்தாளில் சொந்தப் பாட்டின் மொழி பற்றி ஒன்றும் எழுதவில்லை. மற்ற எல்லாக் குழுவும் சொந்தப் பாட்டையும் ஆங்கிலத்தில் எழுதின. எங்கள் பேஸ்காரன் தமிழில் எழுதிவந்தான். பணிமனையில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் அப்பாவைப் பற்றி எட்டு வரி. அவன் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். வரிகள் நீளம், வேகமாகப் பாடினால் வாய்க்குள் அடங்காது. அதனால் பாட்டு மெதுவாக அமைந்தது.

மாலை ஆறு மணிக்கு மீன்பாடி வண்டியில் ஆம்ப்ளிஃபயரையும் கிட்டார்களையும் ஏற்றிக்கொண்டு நடந்தே போனோம். வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. மேடை, மரப்பலகை அடுக்கி முப்பது அடி அகலத்துக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் மைதானம் முடிகிற இடத்தில், பணிமனையின் செங்கல் சுவர். உயரமான, ஜன்னலே இல்லாத, நீண்ட சுவர். யாரும் அதை ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை.

பெரிய மேடையில் சின்னக் குழுக்கள் செய்கிற முதல் பிழை ஒன்று உண்டு. இன்றும் நான் போகிற இடத்திலெல்லாம் பார்க்கிறேன். வீட்டில் பத்தடி அறைக்குள் முழங்கை இடிக்கப் பழகியிருப்பார்கள். மேடை ஏறியதும், டிவியில் பார்த்தபடி ஆளுக்கொரு மூலைக்குப் போய் நிற்பார்கள். ஒலி அப்படியொன்றும் வேகமாக ஓடுவதில்லை. நம் ஊர் மார்கழி இரவில் நொடிக்கு 345 மீட்டர் சுமாராக வரும். முப்பது அடி தள்ளி நிற்பவனின் அடி உங்களை வந்து சேர ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். கேட்பவருக்கு அது ஒன்றுமேயில்லை. சேர்ந்து வாசிக்கிறவனுக்கு அது செருப்புக்குள் விழுந்த மணல்.

நாங்களும் அப்படித்தான் நின்றோம். வாசிப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதற்காக மேடையில் அவர்களைப் பார்த்து வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் அன்று வேலை செய்யவில்லை. எங்களுக்கு முன்னால் ஆறு குழுக்கள் அதே நிலையில்தான் வாசித்திருந்தன. டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கினான். கண் கூட்டத்தின் மேல்.

மாடியில் நிமிடத்துக்கு 120 அடி என்று பழகிய பாட்டு 140இல் கிளம்பியது. பதற்றத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தைத்தான் கை எடுத்துக்கொள்ளும். அது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் எட்டாவது அடிக்குள் இன்னொன்று நடந்தது. எங்கள் ஒவ்வோர் அடிக்கும் சற்று முன்னால், யாரோ இன்னோர் அடி அடித்தார்கள். மேடையின் முன்னிருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய ஸ்நேர் சத்தம் மைதானத்தைக் கடந்து, சுவரில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது எங்கள் அடுத்த அடியின் குதிகாலில் வந்து விழுந்தது. ஒருவன் நம்மைவிட ஓரடி முன்னால் நடந்தால், நம் கால் தானாக வேகம் கூட்டும். டிரம்ஸ் ஓடியது. நான் பின்னால் ஓடினேன். லீட்காரன் பாட்டின் சொற்களை விழுங்கிக்கொண்டு ஓடினான். பாட்டு முடிந்தபோது கைதட்டினார்கள். வேகமாக வாசித்தால் எப்போதும் தட்டுவார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் பேஸ்காரன் ஒரு காரியம் செய்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தன் மூலையிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு நடந்துபோய் டிரம்ஸ் செட்டை ஒட்டி நின்றான். செருப்பைக் கழற்றினான். வலது காலின் பெருவிரலைக் கிக் டிரம்மின் மரவளையத்தில் வைத்தான். பேஸும் கிக் டிரம்மும் காதால் கேட்பதைவிட உடம்பால் கேட்கிற ஒலி. காது கைவிட்ட இடத்தில் அவன் காலால் கேட்கப் போனான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பையனுக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்கு வியப்புதான்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஊர்வலம் முழுக்க ஒரே சுருதியை, மூச்சு அறுபடாமல் ஊதிக்கொண்டு நடந்துவருவார். மல்லாரியும் ராகமும் எல்லாம் மற்றவருக்கு. அவர் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒத்து நின்றால் நாதஸ்வரம் அந்தரத்தில் தொங்கும். அந்த ராத்திரி பேஸ்காரன் எங்களுக்கு ஒத்துக்காரராகப் போய் நின்றான்.

அவன் நகர்ந்ததும் லீட்காரன் நகர்ந்தான். நானும் நகர்ந்தேன். முப்பதடி மேடையின் நடுவில் பத்தடிக்குள், மொட்டை மாடியில் நின்ற மாதிரியே நின்றோம். நிற்கிற முறையில் ஒரு குழு தெரிந்துவிடும் என்று நான் நம்புவது அதனால்தான். 1959 நவம்பரில் மான்செஸ்டர் ஹிப்போட்ரோம் அரங்கில் நடந்த திறமைப் போட்டியில் ஜானி அண்ட் தி மூன்டாக்ஸ் என்ற பெயரில் மூன்று லிவர்பூல் பையன்கள் வாசித்தார்கள். ஜான் லெனனுக்கு 19 வயது, பால் மெக்கார்ட்னிக்கு 17, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 16. டிரம்ஸ்காரர் கிடையாது. ஜானிடம் அப்போது கிட்டாரும் கிடையாது. பால் இடக்கைக்காரர் ஆனதால் இருவர் கிட்டாரும் இருபக்கமும் வெளியே நீண்டிருக்க, நடுவில் ஜான் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டு பாடினார் என்று அவர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இறுதியில் எல்லாக் குழுவும் மறுபடி மேடைக்கு வரவேண்டும், கைதட்டலை அளந்து பரிசு தருவார்கள். அதற்குக் காத்திருந்தால் ஊருக்குத் திரும்பும் கடைசி வண்டி போய்விடும். மூவரும் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பரிசு யாருக்குப் போனது என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தோளில் கை போட்டு நின்ற அந்த நிலைதான் என் மனசில் நிற்கிறது. தாளம் சொல்ல ஆளில்லாத மூன்று பேர், பக்கத்தவன் தோள் அசைவில் தாளம் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் டிரம்ஸ்காரன் இந்தமுறை பேஸ்காரனைப் பார்த்து நான்கு தட்டு தட்டினான். மெதுவாக.

அந்தப் பாட்டுக்கு அவனிடம் ஒரே ஒரு நடைதான் இருந்தது. ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர். நடுவில் போட்டு நிரப்ப அவனுக்கு இன்னும் கை வரவில்லை. பேஸ்காரனும் அப்படியே, ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு அடுத்த கிக் வரும்வரை விட்டுவிடுவான். இளம் குழுக்கள் இடைவெளியைக் கண்டால் பயப்படும். சும்மா இருந்தால் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று எதையாவது கொட்டி நிரப்புவார்கள். அன்று எங்கள் பாட்டில் இடைவெளிகள் திறந்து கிடந்தன. கதவு சாத்தாத வீடு மாதிரி.

முதல் ஸ்நேர் அடி விழுந்தது. சுவர் அதைத் திருப்பி அனுப்பியது. இந்தமுறை அது இரண்டு அடிக்கும் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த ஸ்நேர். மறுபடி நடுவில். டிரம்ஸ்காரன் தலையை நிமிர்த்தினான். பேஸ்காரன் சிரித்தான். எங்கள் நடை ‘டும்… டக்…’ என்று போக, தூரத்திலிருந்து சற்று மங்கலாக, சற்று வயதானவர் குரல் மாதிரி, இடையில் ஒரு ‘டக்’. எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு நடை அது. லீட்காரன் பாடிய வரியின் கடைசிச் சொல்லும் அப்படியே திரும்பி வந்தது. ‘அப்பா’ என்று முடிகிற வரியில் அவன் நிறுத்த, அப்பாக்கள் வேலை பார்க்கிற சுவரிலிருந்து அது மெல்ல வந்தது. லீட்காரன் அதைக் கேட்டு, அடுத்த வரியைத் தொடங்க அரை அடி காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு ஒத்திகையில் கிடையாது. யாரும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அவனோடு காத்திருந்தோம். அந்த அரை அடிக்குள் கூட்டமும் பேச்சை நிறுத்தியது.

நான் பிற்பாடு எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். பெரிய அரங்குகளில், நல்ல கலைஞர்களை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுப் பேசிக்கொள்ளும்போது அதே அரை அடி எனக்குக் கேட்கும். யூ2 குழுவின் எட்ஜ் கிட்டாரை வாசித்துவிட்டு, எதிரொலிக் கருவி அதைத் திருப்பித் தரும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த இடங்களைத் தான் வாசிக்காமல் விட்டுவைப்பார். 1987இல் வந்த ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’ பாட்டில் கேட்கிற ஸ்வரங்களில் பாதி அவர் விரல் தொடாதவை. கருவியோடு சேர்ந்து வாசிப்பது அவர் கலை. அவர் கணக்குப் போட்டுப் பிடித்ததை எங்களுக்கு ஒரு சுவர் ஒரே ஒரு பாட்டுக்குத் தந்தது.

கணக்கை நான் பல வருடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். மேடையிலிருந்து அந்தச் சுவர் ஏறத்தாழ 60 மீட்டர். போய்வர 120. ஒலிக்கு அதற்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நிமிடத்துக்கு 86 அடி என்று வாசித்தால் அரை அடியின் நீளமும் அதுவே. எங்கள் சொந்தப் பாட்டு, நீளமான தமிழ் வரிகள் வாய்க்குள் அடங்க வேண்டுமே என்று, தற்செயலாக அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். 140இல் வாசித்தால் அதே எதிரொலி அடுத்த அடியைத் தட்டித் தள்ளும். ஒரே சுவர்தான்.

தற்செயல் என்று சொல்லி இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வேகம் தற்செயலாக அமைந்தது சரி. ஆனால் நான்கு நிமிடமும் அதே வேகத்தில் நின்றது தற்செயல் இல்லை. கால்விரலால் கிக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நிறுத்தினான். டைரக்டரியில் அடித்து அடித்து வலுவேறிய மணிக்கட்டு நிறுத்தியது. சுவர் கொடுத்த அடியைத் தாண்டி ஓடாமல், அதற்குப் பின்தங்காமல், ஒவ்வொரு முறையும் அது வந்து உட்கார இடம் விட்டார்கள். காலப்பிரமாணம் என்ற சொல் அப்போது அவர்களுக்குத் தெரியாது.

இறங்கி வந்ததும் மைக்செட் அண்ணன் கூப்பிட்டார். மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அகுஜா ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிவைத்துக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று இருபது வருடம் பார்த்த மனிதர். இந்த ஊர் மைக்செட்காரர்களுக்கு எக்கோ திருகு உயிர். பாட்டு என்றால் கை தானாக அங்கே போகும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, மொதல் பாட்டுல ஏதோ இடிக்குதேன்னு எக்கோவ ஃபுல்லா கொறச்சிட்டேன். ரெண்டாவது பாட்டுக்கு நான் எக்கோவே போடலப்பா. செவுரே போட்டுக்கிச்சு.”

பிறகு டிரம்ஸ்காரனைப் பார்த்து, “நீ அதுக்கு எடம் வுட்ட பாரு, அது நல்லாருந்துச்சு” என்றார். அன்று மேடையில் மூன்று நடுவர்கள் இருந்தார்கள், அவரவர் தாளில் மதிப்பெண் போட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அன்றைய இசையைச் சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒலியோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு வருகிற காது அது. அதன்பிறகு எந்தக் கச்சேரிக்குப் போனாலும் நான் மைக்செட் மேசைக்குப் பக்கத்தில்தான் இடம் பிடிக்கிறேன். மேடையில் நடப்பதில் பாதி அங்கிருப்பவரின் புருவத்தில் தெரியும்.

பரிசு வேறு குழுவுக்குப் போனது. நன்றாக வாசித்தார்கள்; அவர்களுடைய லீட் கிட்டார்காரனின் விரல் சுத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் குழு அடுத்த வருடம் பிளஸ் டூ பரீட்சையோடு கலைந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாக் குழுவும் கலையும்.

பத்தரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீன்பாடி வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். டிரம்ஸ்காரன் வெறும் மைதானத்தில் மேடைக்கு முன்னால் போய் நின்று, சுவரைப் பார்த்து ஒரு முறை கை தட்டினான். சுவர் திருப்பித் தட்டியது. பத்தடி முன்னால் போய்த் தட்டினான். பதில் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. நாங்களும் சேர்ந்துகொண்டோம். தட்டுவதும், காத்திருப்பதும், நடப்பதுமாகப் போனோம். பாதி மைதானத்தில் எதிரொலி எங்கள் கைதட்டலின் வாலைப் பிடித்துக்கொண்டது. இன்னும் நெருங்கியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சத்தமாக, சற்றுத் தடிப்பாகக் கேட்டது. பேஸ்காரன் மட்டும் கை தட்டவில்லை. நேராகப் போய், பகல் வெயிலின் சூடு இன்னும் மிச்சமிருந்த அந்தச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, “இப்ப தட்டுங்கடா” என்றான்.